தடைக்காலம் முடிந்ததும் ஷேர் திறக்கவில்லையா? ஐபியைப் பாருங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபம், பாம்பன் பக்கம் மீன் கம்பெனி ஆபீஸ்களில் பல கம்ப்யூட்டர்கள் அதுவரை அணைந்தே கிடக்கும். படகுகள் திரும்பக் கடலுக்குப் போய், எடைக் கணக்கைப் போட உட்கார்ந்தால் சர்வரில் இருக்கும் ஷேர், அதாவது எல்லோரும் பகிரும் ஃபோல்டர், திறக்காது. உடனே பாஸ்வேர்டை மாற்றுவார்கள், பெர்மிஷனை 777 (யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம்) ஆக்குவார்கள். இரண்டுமே வேண்டாத வேலை; 777 ஆபத்தும்கூட.

நடப்பது இதுதான். ரவுட்டர் கொடுத்த ஐபியின் (நெட்வொர்க் முகவரியின்) லீஸ், அதாவது கெடு, எப்போதோ தீர்ந்துவிட்டது. முன்பு 192.168.1.24 ஆக இருந்த கம்ப்யூட்டர் இப்போது 192.168.1.31. ஃபோல்டரைப் பகிரும் சர்வர் மென்பொருளான சாம்பாவின் கான்ஃபிக் ஃபைலில், யாரை உள்ளே விடலாம் என்று சொல்லும் 'ஹோஸ்ட்ஸ் அலோ' வரியில் இன்னும் 24தான் இருக்கிறது.

பாஸ்வேர்டு கேட்காமலேயே இணைப்பு அறுந்தால் முதலில் சர்வரின் /வார்/லாக்/சாம்பா லாக்கை (நடந்ததைப் பதியும் ஃபைலை) திறங்கள். 'டினைட் கனெக்‌ஷன் ஃப்ரம்' என்று, இணைப்பை மறுத்ததைச் சொல்லும் வரியில் இருக்கும் ஐபி எண்தான் முக்கியம். கம்ப்யூட்டர் தன் ஐபி என்று எதைச் சொன்னாலும், சர்வர் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதுதான் கணக்கு. மாடியில் இரண்டாவது வைஃபை ரவுட்டரை அதன் வான் போர்ட்டில் (இன்டர்நெட் கேபிளுக்கான துளையில்) செருகியிருந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் எல்லா மெஷினும் அந்த ரவுட்டரின் ஒரே ஐபியில்தான் வந்து நிற்கும். ஐபி கொடுத்தால் திறந்து, பெயர் கொடுத்தால் மட்டும் மறுத்தால், லாக்கில் எஃப்இ80 என்று தொடங்கும் ஐபிவி6 (புதிய வகை ஐபி) முகவரி இருக்கிறதா பாருங்கள்; இருந்தால், அலோ வரியில் அது இல்லாததுதான் காரணம். லாக்கில் ஒன்றுமே பதியவில்லை, ரொம்ப நேரம் சுற்றிவிட்டு நின்றுபோகிறது என்றால் சாம்பா பயன்படுத்தும் 445 போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருக்கலாம்.

அடுத்து, கான்ஃபிக் ஃபைலில் இருக்கும் அலோ வரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்:

ஹோஸ்ட்ஸ் அலோ = 192.168.1. 127.

192.168.1 என்பதற்குப் பின்னால் இருக்கும் அந்தப் புள்ளிதான் உயிர். அது விட்டுப்போனால் ஒரு மெஷின்கூடப் பொருந்தாது. 192.168.1.0 என்று மட்டும் போட்டாலும் அப்படியே, 192.168.1.0/24 என்று போட வேண்டும்.

அலோ வரி மட்டும் இருந்தால் அதில் இல்லாத எல்லோருக்கும் தடை. கூடவே யாரைத் தடுக்க வேண்டும் என்று சொல்லும் 'ஹோஸ்ட்ஸ் டினை' வரியையும் எழுதினால், இரண்டிலும் இல்லாத மெஷின் உள்ளே வந்துவிடும்! பாதுகாப்புக்கு என்று ஒரே ஒரு ஐபியை டினையில் சேர்த்து, மற்ற எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடும் தவறு இது. இரண்டிலும் இருக்கும் ஐபிக்கு அலோதான் செல்லும். கான்ஃபிக் ஃபைலின் குளோபல் (பொது) பகுதியில் எழுதியது எல்லா ஷேருக்கும் பொருந்தும். கீழே தனி ஷேரில் வேறு மாதிரி எழுதிப் பயனில்லை.

திருத்தியதும் 'டெஸ்ட்பார்ம்' கட்டளைக்கு கான்ஃபிக் ஃபைல், கம்ப்யூட்டர் பெயர், ஐபி மூன்றையும் கொடுங்கள். எந்த ஷேருக்கு அனுமதி, எதற்கு மறுப்பு என்று சொல்லிவிடும். பிறகு 'எஸ்எம்பிகண்ட்ரோல் ஆல் ரீலோட்-கான்ஃபிக்' கட்டளையைக் கொடுத்து, திருத்தத்தைச் சாம்பாவைப் படிக்க வையுங்கள். ஏற்கெனவே இணைந்திருக்கும் மெஷினை இது தொடாது. தடை செய்த மெஷின் இன்னும் உள்ளே இருந்தால் அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சோதியுங்கள்.

ஒவ்வொரு ஐபியாக அலோவில் சேர்த்துக்கொண்டே போக வேண்டாம். ரவுட்டரில் மேக் முகவரியை (கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டுக்கே உரிய எண்ணை) வைத்து ஐபியை ரிசர்வ் செய்யுங்கள். அடுத்த தடைக்காலம் முடிந்தாலும் 24 என்பது 24ஆகவே இருக்கும்.

சில நேரம் திறந்து சில நேரம் மறுத்தால், கான்ஃபிக்கைத் தொடும் முன் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றில் பிளக்கின் உலோகப் பற்கள் பச்சை பூத்திருந்தால் புது பிளக் கிரிம்ப் செய்வதுதான் (கருவியால் அழுத்திப் பொருத்துவதுதான்) வழி.