மெனோபாஸும் என் ஈறும்

பீரியட்ஸ் நின்று ஒரு வருஷம் தாண்டியிருந்தது. உடம்பு திடீரென்று கொதிப்பதும் ராத்தூக்கம் கெடுவதும் அக்காமார் சொல்லிக் கேட்டதுதான். வாய் சமாச்சாரத்தை யாரும் சொல்லவில்லை. ரசத்தில் மிளகு தூக்கலாக இருந்தால் நாக்கு எரியும். விடியற்காலையில் உதடு பல்லோடு ஒட்டிக் கிடக்கும். பல் தேய்த்துத் துப்பினால் ரத்தம்.

பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லும் முன்பே கேட்டார்: "பீரியட்ஸ் நின்னாச்சாம்மா? சுகர் இருக்கா? எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை, ஊசி ஏதும் எடுக்கறீங்களா?"

ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் ஈறு மெலியலாம், எச்சில் வற்றலாம், பல்லைத் தாங்கும் எலும்பும் தேயலாம் என்றார். ஆனால் ஈறு நோயைத் தொடங்கி வைப்பது பல்லிடுக்கில் படியும் கிருமிதான். ஹார்மோன் குறையும்போது அதைத் தாங்கும் தெம்பு குறைகிறது, அவ்வளவே. எலும்பு மருந்தைக் கேட்டதற்கும் காரணம் உண்டு. அந்த வகையில் சில மருந்துகளை எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கினால், அரிதாக, தாடை எலும்பு ஆறாமல் போகும். உங்கள் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு, இடைவெளி எவ்வளவு ஆழம் என்று ஒவ்வொரு பல்லாக அளந்தார். 3 வரை பயமில்லை. எனக்குக் கடைவாயில் 5, 6.

மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு தடவைக்கு வாயில் ஒரு பக்கமாக டீப் கிளீனிங், அதாவது ஈறுக்கடியில் படிந்த காறையைச் சுரண்டி எடுப்பது. வலி இல்லை, சுரண்டும் சத்தம்தான் சகிக்கவில்லை. பிறகு சில நாள் பச்சைத் தண்ணீர்கூடக் கூசியது. பல்லுக்கு நடுவே சந்து தெரிந்ததும் நாத்தனார், "கிளீன் பண்ணா பல்லு ஆடும்னு சொன்னேன்ல அண்ணி!" என்றாள். ஊர் முழுக்க இந்தப் பேச்சு இருக்கிறது. அடைத்துக் கிடந்த காறை போய், வீங்கிய ஈறு வற்றினால் மறைந்திருந்த சந்து தெரியத்தானே செய்யும்?

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை 2 வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றார்; அதற்குள்ளேயே பல்லில் பழுப்புக் கறை, காபியில் ருசியில்லை. சந்துக்கு நுழைகிற குட்டி பிரஷ்தான் உண்மையில் கைகொடுத்தது. வறட்சிக்குச் சர்க்கரையில்லாத சூயிங் கம். இந்த வயதில் அசை போடுகிறேன் என்று வீட்டில் ஒரே கேலி.

அடுத்து அளந்தபோது 6 இருந்த இடம் 4. ஒரு கடைவாய்ப் பல் மட்டும் 5-லேயே நிற்கிறது; அதற்காக 3 மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். பல் டாக்டர் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த மகப்பேறு டாக்டர் எலும்பு அடர்த்தி பார்க்க டெக்ஸா ஸ்கேன் எழுதியிருக்கிறார். இனிமேல்தான் எடுக்க வேண்டும்.