அப்பா வாசித்த ஏழு வாசகங்கள்

எங்கள் அப்பா தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக இருந்தவர். ஈஸ்டருக்கு முந்தின உயிர்ப்பு இரவில் கோவில் விளக்கெல்லாம் அணைந்து பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுதிரி மட்டும் உள்ளே வந்த பிறகு, இரண்டாம் வாசகத்துக்கு அவர்தான் எழுந்து போவார். ஆபிரகாம் ஈசாக்கைப் பலிகொடுக்க அழைத்துப்போகும் பகுதி. விறகைச் சுமந்துகொண்டு நடக்கும் பையன் கேட்பான்: நெருப்பு இருக்கிறது, விறகு இருக்கிறது, ஆட்டுக்குட்டி எங்கே அப்பா? அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார். கடவுளே பார்த்துக்கொள்வார் என்று தகப்பன் சொல்லும் பதிலுக்கு வரும்போது, வருடா வருடம் அவர் குரல் இறங்கிவிடும்.

பிற்காலத்தில் வந்த சாமியார்கள் நேரமாகிறது என்று பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழையும் மூன்றாகக் குறைத்தார்கள். அதற்கு அனுமதி உண்டுதான். அப்பாவுக்குப் பொறுக்காது. “வாக்குக் கொடுத்ததைச் சொல்லாம நிறைவேறினதை மட்டும் சொன்னா, அல்லேலூயாவோட அருமை பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?” என்பார். எனக்கும் அதே எண்ணம்தான். எசாயா இறைவாக்கினரைக் கடைசிவரை ‘இசையாஸ்’ என்றே சொன்ன மனிதர். ஒரு உயிர்ப்புப் பெருவிழாவுக்காவது எருசலேமில் இருக்க வேண்டும் என்பது அவர் நேர்ச்சை. 2016 தவக்காலத்தில் ஆண்டவரிடம் போய்விட்டார்.

“ஏட்டி, அவர் நேர்ந்துக்கிட்டது. எனக்கு முட்டு ஒத்துக்காது. நீ போயிட்டு வந்துரு” என்று அம்மா அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

2018இல் புறப்பட்டேன். பணம் கட்டிய பிறகு, பிப்ரவரி கடைசியில், வரிப் பிரச்சினைக்காக அங்குள்ள திருச்சபைத் தலைவர்கள் ஆண்டவரின் கல்லறை இருக்கும் கல்லறைக் கோவிலையே மூடிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அந்த மூன்று நாளும் எனக்குத் தூக்கம் இல்லை. திறந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் பெட்டி கட்டினேன்.

அம்மானில் இறங்கி, யோர்தான் பாலத்தைக் கடக்கவே ஐந்து மணி நேரம் ஆயிற்று. எருசலேமில் தங்கல் என்று சொல்லிக் காசு வாங்கிய ஏற்பாட்டாளர் எங்களைப் பெத்லகேமில் கன்னியர் நடத்தும் ஒரு விடுதியில் இறக்கிவிட்டுப் போனார். தினமும் சோதனைச் சாவடி, தினமும் காத்திருப்பு. வயதானவர்களை வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இரவு ஜன்னலைத் திறந்து பார்த்தபோது, மெசியா பிறக்கும் ஊர் என்று மீக்கா இறைவாக்கினர் பேர் சொல்லி வைத்த ஊரில் அல்லவா ஆண்டவர் என்னைப் படுக்க வைத்திருக்கிறார் என்று தோன்றியது. அதற்கப்புறம் அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அந்த வருடப் பெரிய வெள்ளி மார்ச் 30. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை யூதர்கள் கொண்டாடும் பாஸ்காவும் அன்று மாலையே தொடங்கியது. காலையில் பேருந்தில் போகும்போது தெருமுனைகளில் புகை. பாஸ்காவுக்கு முன் வீட்டிலுள்ள புளித்த அப்பத்தையெல்லாம் எரிக்கிறார்கள் என்றார் வழிகாட்டி. அவர்கள் கணக்கில் அன்று நிசான் மாதம் 14, முற்காலத்தில் பாஸ்கா ஆட்டுக்குட்டியைப் பலியிட்ட நாள். யோவான் நற்செய்தியின்படி நம் ஆண்டவர் உயிர்விட்டதும் பாஸ்காவின் ஆயத்த நாளில்தானே. அப்பா இருந்திருந்தால் பேருந்தை நிறுத்தச் சொல்லி முழந்தாளிட்டிருப்பார்.

சிலுவைப் பாதை போன சந்துகளைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பக்கமும் கடைகள். முள்முடியை நீட்டி விலை சொல்கிறார்கள். ஒலிவ மரச் சிலுவையைக் கையில் திணிக்கிறார்கள், வேண்டாம் என்றால் பாதி விலை என்கிறார்கள். தலைக்கு மேல் கைப்பேசிகள். மூன்றாம் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் நடுவே ஒருவர் முழங்கை என் விலாவில் குத்தி, மூச்சு நின்று போனது. அன்றைக்கு ஆண்டவர் சிலுவையோடு போனபோதும் சந்தை இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைத்து நடந்தேன்.

கல்லறைக் கோவிலுக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் செங்குத்தான படிகள். ஏறினால் கல்வாரி, சிலுவை நின்ற இடம். கிரேக்க சபையாரின் பீடத்துக்கு அடியில் குனிந்து, வெள்ளித் தகட்டின் துளைக்குள் கைவிட்டுப் பாறையைத் தொட வேண்டும். தொட்டேன். தொட்ட கையை அப்பாவின் மூக்குக்கண்ணாடி மேல் வைத்தேன். எழுவதற்குள் பின்னால் நின்றவர்கள் தள்ளிவிட்டார்கள். தள்ளாடிப் பக்கத்திலிருந்த, நம் கத்தோலிக்கரின் லத்தீன் பீடத்தின் பகுதியில் போய் நின்று தலையைத் தூக்கினால், சுவரில் கல் பதித்த ஓவியம். ஆபிரகாமும் ஈசாக்கும்.

எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கல்வாரியில் அது இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அப்பா நாற்பது வருடம் வாசித்த வாசகம், ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த இடத்தில், என் தலைக்கு மேலே. ஆட்டுக்குட்டி எங்கே அப்பா? நான் நின்றுகொண்டிருந்த தரைதான் பதில். ஈசாக்குக்குப் பதில் ஆடு கிடைத்தது. நம் ஆண்டவருக்குப் பதில் யாரும் வரவில்லை. பார்த்துக்கொள்வேன் என்று அன்று சொன்னவர், தம் மகனைக் கொடுத்தே பார்த்துக்கொண்டார். வீட்டில் அரிசி இல்லாத நாளிலும், கடலுக்குப் போன அண்ணன் திரும்பாத அந்த இரண்டு நாளிலும், அம்மா “ஆண்டவர் பார்த்துக்குவார்” என்றுதான் சொன்னார். அதை நான் வெறும் ஆறுதல் பேச்சு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அங்கே அழுதேன் என்று தெரியாது. யாரோ ஒரு கறுப்புத் துணி போட்ட பாட்டி, எந்த நாட்டுக்காரரோ, என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

நம் ஊரில் இரவில் நடக்கும் அந்த உயிர்ப்புத் திருவிழிப்பு அங்கே சனிக்கிழமை காலையிலேயே நடக்கிறது. பல சபைகள் பங்கிட்டு வழிபடும் கோவில் என்பதால் பழைய நேர ஒழுங்கு அப்படியே இருக்கிறது. இருட்டோடு கிளம்பி, ஏழரைக்குத் தொடங்கிய திருப்பலியில் ஒரு தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. எல்லாம் லத்தீன். ஆனாலும் அல்லேலூயாவுக்கு மொழி ஏது?

அன்று இரவு எங்கள் குழுச் சாமியார் விடுதிச் சிற்றாலயத்தில் தமிழில் திருவிழிப்பு வைத்தார். எல்லாரும் களைத்திருக்கிறீர்கள், மூன்று வாசகம் போதும் என்றார். நான் எழுந்து, சாமி, ஏழும் வாசிக்கலாமா என்று கேட்டேன். அப்பா கதையைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “சரி, இரண்டாவதை நீங்களே வாசியுங்கள்” என்றார். அப்பாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். எழுத்து கொஞ்சம் கலங்கித்தான் தெரிந்தது. பரவாயில்லை, எனக்கு மனப்பாடம். அவர் நிறுத்தும் இடத்தில் நானும் நின்றுவிட்டேன்.

ஞாயிறு காலை மறுபடி கல்லறைக் கோவில். நமக்கு உயிர்ப்புப் பெருவிழா. கிரேக்கர், அர்மேனியர், கோப்தியர், சிரியர் எல்லாருக்கும் அவர்கள் நாள்காட்டியில் அன்று, ஆண்டவர் கழுதைமேல் எருசலேமுக்குள் வந்ததை நினைக்கும் குருத்தோலை ஞாயிறு. அதே கல்லறையைச் சுற்றி அவர்கள் குருத்தோலையோடு வர, நம்மவர்கள் அல்லேலூயா பாட, யார் குரல் எது என்று பிரிக்க முடியவில்லை. கழுதைமேல் அரசர் வருவார் என்று செக்கரியா சொன்னதும், மூன்றாம் நாள் எழுந்ததும் ஒரே காலையில்! இந்தக் கண்களுக்கு அதைக் காட்டினாரே.

பிற்பகலில் கல்லறைக்குள் போக வரிசை. இரண்டரை மணி நேரம். காசு கொடுத்தால் முன்னால் விடுகிறேன் என்று ஒருவர் காதோரம் வந்து சொன்னார், முகம் பார்க்காமல் நின்றேன். முந்தைய வருடம்தான் சீரமைப்பு முடிந்த கல்லறை மண்டபம் பளிச்சென்று இருந்தது. முன்னறை வானதூதர் சிற்றாலயம். அங்கிருந்து குனிந்துதான் உள்ளே போக முடியும். மூன்று நான்கு பேருக்கு மேல் இடமில்லை. வலப்பக்கம் சலவைக்கல் பலகை. கண்ணாடியையும் அம்மாவின் ஜெபமாலையையும் அதன்மேல் வைத்தேன்.

என்ன ஜெபிப்பது என்று வரவில்லை. இரண்டாம் வாசகத்துக்குப் பிறகு பாடும் 16ஆம் சங்கீதம்தான் வாயில் வந்தது. உம் தூயவரை அழிவு காண விடமாட்டீர் என்ற சங்கீதம். பெந்தகோஸ்து நாளில் பேதுரு என்னும் இராயப்பரும் அதைத்தானே எடுத்துச் சொன்னார்: பாடிய தாவீது இறந்து புதைக்கப்பட்டார், அவர் கல்லறை நம்மிடம் இருக்கிறது, அப்படியானால் அவர் பாடியது யாரைப் பற்றி? அந்த ‘யார்’ கிடந்து எழுந்த இடத்தில் என் கை. சில்லென்று இருந்தது கல். காலி. தாம் சொன்னபடியே எழுந்துவிட்டார். அப்பாவையும் இந்தக் கல்லை நம்பித்தானே புதைத்தோம்.

துறவி வாசலைத் தட்டி, போதும் வாருங்கள் என்று சைகை காட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்கு அது போதும், ஆண்டவரே, போதும்.

வெளியே முற்றத்தில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன். கல்லறை எப்படி இருந்தது என்று கேட்பார் என நினைத்தேன்.

“ஏட்டி, ஏழும் வாசிச்சாங்களா?”

“ஏழும் வாசிச்சோம்மா. அப்பாவோடதை நான் வாசிச்சேன்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அம்மா மெல்ல அல்லேலூயா பாட ஆரம்பித்தார்.