கவிழாமல் மேலேறும் கைப்பிடி: ஃப்ரீகேடில் ஒரு ஸ்வீப்

ஃப்ரீகேட் போன்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் ஸ்வீப் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு பாதை, அதன் மேல் நகரும் ஒரு ப்ரொஃபைல், அதாவது குறுக்குவெட்டு வடிவம். ப்ரொஃபைல் போன தடமெல்லாம் திடப்பொருளாகிவிடும். வட்டக் குழாய் என்றால் இதோடு வேலை முடிந்தது. வட்டத்துக்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் கிடையாது. எனக்கு வந்தது வட்டம் இல்லை.

வீட்டுக்குள் அமையும் சுழல் படிக்கட்டு. அதற்குத் தேக்குக் கைப்பிடி: அகலம் 60 மி.மீ., உயரம் 50 மி.மீ., மேலே உருண்டை, அடியில் தட்டை. அடியில் 40×6 இரும்புப் பட்டை உட்கார ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம். பட்டையைப் பட்டறையில் வளைத்துக் கம்பிகளோடு வெல்டிங் செய்வார்கள். மரத்தை ஆசாரி அதன் மேல் இறக்குவார். ஆகவே படி முழுக்க, எந்த இடத்தில் வெட்டிப் பார்த்தாலும், காடி கீழே பார்த்தபடி இருக்க வேண்டும். என் வேலை இரண்டு பேருக்கும் சரியான வடிவத்தைக் கொடுப்பது. கையில் இருந்தது ஃப்ரீகேட், 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு.

முதலில் பாதை. பார்ட் ஒர்க்பெஞ்சில் (ஃப்ரீகேடின் கருவித் தொகுப்புகளில் ஒன்று) ஹெலிக்ஸ், அதாவது சுழன்றேறும் கோடு, வரைவது நொடி வேலை: ஆரம் 800, ஒரு சுற்றுக்கு ஏற்றம் 2,700, ஒரே ஒரு சுற்று. கீழே தூணிலிருந்து வரும் கிடைமட்டத் துண்டும், மேலே படி முடியும் லேண்டிங்கில் எதிர்ப்பக்கம் வளைந்து போகும் துண்டும்தான் சிக்கல். ஹெலிக்ஸ் 28 டிகிரிச் சரிவில் ஏறுகிறது. நேர்த்துண்டு கிடையாகக் கிடக்கிறது. இரண்டையும் அப்படியே ஒட்டினால் மூட்டில் ஒரு முட்டி நிற்கும். கைப்பிடியில் கையைத் தேய்த்துக்கொண்டு ஏறுகிறவருக்கு அது உடனே தெரியும், ஸ்வீப்புக்கும் தெரியும்: அந்த மூலையில் முகங்கள் கிழிந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே 200 மி.மீ. இடைவெளி விட்டு, கர்வ்ஸ் என்ற ஆட்ஆன் ஒர்க்பெஞ்சில் (தனியாகச் சேர்த்துக்கொள்வது) உள்ள பிளெண்ட் கர்வ் என்ற இணைப்பு வளைவு கொண்டு இணைத்தேன். ஜி2 தொடர்ச்சி வைத்தால் இரு முனையிலும் திசை மட்டுமல்ல, வளைவின் அளவும் ஒத்துப்போகும். பளபளக்கும் வார்னிஷ் மேல் வெளிச்சம் விழும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படும். எனவே இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அப்புறம் ப்ரொஃபைல். அதை வரைந்த ஸ்கெட்சைப் பாதையின் தொடக்கப் புள்ளியில் 'நார்மல் டு எட்ஜ்' முறையில், அதாவது பாதைக்குச் செங்குத்தாக, பொருத்தி, காடியின் நடுப்புள்ளியை ஆதிப்புள்ளியாக வைத்தேன். பார்ட் டிசைன் ஒர்க்பெஞ்சில் ஸ்வீப் செய்யும் கருவியான அடிட்டிவ் பைப்பைத் திறந்தால், ப்ரொஃபைல் எப்படித் திரும்ப வேண்டும் என்று கேட்கும் ஓரியண்டேஷன் பட்டியல் வரும்: ஸ்டாண்டர்ட், ஃபிக்ஸ்ட், ஃப்ரெனே, ஆக்ஸிலரி, பைநார்மல். மொத்த வேலையும் இந்த ஐந்துக்குள்தான்.

ஸ்டாண்டர்டில் விட்டால் கைப்பிடி மெல்ல மெல்லச் சாய்ந்துகொண்டே ஏறி, ஒரு சுற்று முடிவில் காடி ஏறக்குறைய வானத்தைப் பார்க்கும். பார்த்தால் மென்பொருளின் கோளாறு போலத்தான் இருக்கும். கணக்குப் போட்டால் கோளாறு இல்லை. இந்த முறை ப்ரொஃபைலைப் பாதைக்குச் செங்குத்தாக வைத்துக்கொண்டு, பாதையைச் சுற்றி முடிந்தவரை திருகாமல் கொண்டுபோகப் பார்க்கிறது. ஹெலிக்ஸோ திருகிக்கொண்டு ஏறும் கோடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஒரு சுற்றுக்கு 360 டிகிரியைச் சரிவுக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் வரும் அளவு. இங்கே 360 × 0.473, அதாவது 170 டிகிரி. அரைச் சுற்றுக்குப் பத்து டிகிரிதான் குறைவு. திருகாதே என்றால் கவிழும், அவ்வளவுதான். இந்த 170-ஐ ஓரமாகக் குறித்து வைத்தேன், பின்னால் பட்டறையில் வேலைக்கு வந்தது.

ஃபிக்ஸ்ட் இதற்கு உதவாது. ப்ரொஃபைல் தொடங்கிய திசையைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருக்கும். கால் சுற்றில் கைப்பிடி தகடாக மெலிந்துவிடும்.

ஃப்ரெனே கொஞ்சம் ஆசை காட்டும். கணிதவியலாளர்கள் ஃப்ரெனே 1847-லும் செர்ரே 1851-லும் தனித்தனியே எழுதிய சூத்திரங்களிலிருந்து வந்த முறை இது. கோடு எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கத்தை அடையாளமாக வைத்து ப்ரொஃபைலைத் திருப்பும். ஹெலிக்ஸ் மட்டும் என்றால் அருமை: வளைவு எப்போதும் நடுத்தூணை நோக்கியே இருப்பதால் காடி கீழேயே நிற்கும். ஸ்க்ரூ மரை வரைகிறவர்கள் இதைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். ஆனால் என் பாதையில் நேர்த்துண்டு இருந்தது. நேர்கோட்டுக்கு வளைவே கிடையாது, பிறகு எந்தப் பக்கம் பார்ப்பது? இணைப்பு வளைவிலோ கோடு முதலில் மேல்நோக்கி வளைகிறது, ப்ரொஃபைலும் அதைப் பார்த்துப் பக்கவாட்டில் உருள்கிறது. லேண்டிங்கில் வளைவு எதிர்ப்பக்கம் மாறும் இடத்தில் ஒரேயடியாகத் தலைகீழ். வளைவை நம்பி 'மேலே எது' என்று தீர்மானித்தால் இப்படித்தான் ஆகும். கைப்பிடிக்கு மேலே என்பது வளைவைச் சார்ந்தது இல்லை, அதை நாம்தான் சொல்லித் தர வேண்டும்.

சொல்லித் தர இரண்டு வழி உண்டு. ஒன்று பைநார்மல்: மாறாத ஒரு திசையை நாமே கொடுப்பது. இசட் (மேல்நோக்கிய) திசைக்கு 1 கொடுத்துவிட்டால் ப்ரொஃபைல் கடைசிவரை நிமிர்ந்து நிற்கும். திரையில் பார்க்க எந்தக் குறையும் இல்லை. பலர் இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். நான் சரிவில் பாதைக்குச் செங்குத்தாக ஒரு வெட்டு எடுத்து அளந்தேன். உயரம் 50-க்குப் பதில் 44. ப்ரொஃபைலைக் கிடைமட்டத் துண்டில் வரைந்ததால் அது சரிவிலும் செங்குத்துத் தளத்திலேயே நின்றிருக்கிறது, பாதையோடு சேர்ந்து சாயவில்லை. 50-ஐ 28 டிகிரியின் கொசைன் மதிப்பால் பெருக்கினால் அதே 44 வரும். லேண்டிங்கில் தடியாகவும் படியில் ஒல்லியாகவும் ஒரு கைப்பிடி. பிடித்தால் கைக்கே தெரியும்.

இன்னொரு வழி ஆக்ஸிலரி, அதாவது துணைப்பாதை. பாதையை அப்படியே நகலெடுத்து 100 மி.மீ. கீழே இறக்கினேன். ப்ரொஃபைல் பாதைக்குச் செங்குத்தாகச் சாய்ந்து போகும், அதே சமயம் அதன் அடிப்பக்கம் எப்போதும் துணைப்பாதையைப் பார்க்கும். உயரம் 50 மாறாது, காடியும் கவிழாது. ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். சோதனைக்காக ஹெலிக்ஸை மட்டும் தனியாக ஓட்டியபோது மேல் நுனியில் ஸ்வீப் நின்றுவிட்டது. சரிவில் ப்ரொஃபைலின் தளம் சாய்ந்திருப்பதால், அது துணைப்பாதையை நேர்கீழே தொடாமல் 40 மி.மீ. சொச்சம் முன்னே தள்ளித் தொடுகிறது. பாதை முடியும் இடத்திலேயே துணைப்பாதையும் முடிந்தால், தொட அங்கே எதுவும் இருக்காது. துணைப்பாதையை மட்டும் கொஞ்சம் நீட்டிவிட்டால் போதும். முழுப் பாதையில் இந்தத் தொல்லை இல்லை. முனைகள் கிடைமட்டமாக இருப்பதால் தளம் நேர்கீழேயே இறங்கும்.

வடிவத்தில் பிழை தேடும் செக் ஜியாமெட்ரியில் பிழை எதுவும் வரவில்லை. ஆசாரிக்கு வேண்டிய துண்டுகளைப் பாதைக்குச் செங்குத்தான தளங்களில் வெட்டிக் கொடுத்தது நேரான வேலை, அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

இரும்புப் பட்டைதான் சுவாரசியமானது. வரைபடத்தில் ஆரம் 800 என்று இருப்பதைப் பார்த்து ரோலிங் மெஷினில் 800 வைத்தால் பட்டை வீண். ஏறிக்கொண்டே வளையும் கோட்டின் உண்மையான வளைவு அதைவிடத் தளர்வானது. இந்த அளவுகளுக்கு 1,031 மி.மீ. வருகிறது. ஒரு சுற்றின் நீளம் 5,706 மி.மீ., கடையில் கிடைக்கும் 6 மீட்டர் பட்டையில் அடங்கிவிடும். பட்டறை அண்ணனிடம் 1,031-க்கு முழு அளவில் ஒரு வில் டெம்ப்ளேட் அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் வளைத்துத் தரையில் போட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, வளையம் சேரவே இல்லையே, பட்டை பத்தலையா?" என்றார். இரண்டு முனைக்கும் நடுவே முக்கால் மீட்டர் இடைவெளி. "சேரக் கூடாதுண்ணே" என்றேன். தரையில் கிடக்கும்போது அது 317 டிகிரிதான் சுற்றியிருக்கும். ஒரு முனையை 2,700 மேலே தூக்கும்போதுதான் முழுச் சுற்று ஆகும்.

தூக்கினால் மட்டும் போதாது, முறுக்கவும் வேண்டும். எவ்வளவு முறுக்கு என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. ஓரமாக வைத்திருந்த 170 அங்கே கைகொடுத்தது. ஸ்டாண்டர்ட் முறையில் கவிழ்ந்த கைப்பிடி, முறுக்காத பட்டை எப்படிப் போகும் என்பதைத்தான் காட்டியிருந்தது. அது நிமிர்ந்து நிற்க அந்த 170 டிகிரியை இரும்பில் ஏற்ற வேண்டும். 5.7 மீட்டருக்கு 170 என்றால் மீட்டருக்கு ஏறத்தாழ 30 டிகிரி. அண்ணன் பட்டையில் மீட்டருக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கோட்டிலும் கோணமானியை வைத்துப் பார்த்தபடி முறுக்க ஆரம்பித்தார்.