பயாப்சிக்கு முன் ஃபிப்-4: கையிலிருக்கும் ரிப்போர்ட்டை வைத்தே போடும் கணக்கு

ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று வந்தவுடன் பலரும் பயப்படுவது பயாப்சிக்குத்தான், அதாவது ஊசியால் கல்லீரல் திசுவை எடுத்துப் பார்க்கும் சோதனைக்கு. கல்லீரலில் தழும்பு எந்த அளவு ஏறியிருக்கிறது என்று அறிய ஒரு காலத்தில் அதை விட்டால் வேறு வழியில்லை. இப்போது அதை முதல் படியாக யாரும் செய்வதில்லை. அதற்கு வலியும் அரிதாக வரும் ரத்தக்கசிவும் மட்டும் காரணமல்ல. ஊசியில் வரும் துணுக்கு முழுக் கல்லீரலில் சுமார் 50,000-இல் ஒரு பங்குதான். தழும்போ எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படிவதில்லை. துணுக்கு 15 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் நோயைக் குறைத்து மதிப்பிட்டுவிடும்.

இப்போது முதல் படி ஃபிப்-4, தழும்பின் வாய்ப்பைக் கணிக்கும் ஒரு கணக்கு. அதற்கு நான்கு எண்கள் போதும்: வயது, கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிறகு பிளேட்லெட். எஸ்ஜிஓடியைச் சில லேப்கள் ஏஎஸ்டி என்றும், எஸ்ஜிபிடியை ஏஎல்டி என்றும் அச்சிடும், பெயர்தான் வேறு. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தைப் பிளேட்லெட்டால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் வருவது ஃபிப்-4.

பிளேட்லெட்டில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். நம் ரிப்போர்ட்டுகளில் அது லட்சத்தில் இருக்கும். சூத்திரத்துக்கு ஆயிரத்தில் வேண்டும். 1.5 லட்சம் என்றால் 150 என்று போடுங்கள். 50 வயது, எஸ்ஜிஓடி 60, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 1.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மேலே 3000, கீழே 8 பெருக்கல் 150, அதாவது 1200. விடை 2.5. வயது தவிர மற்ற மூன்று எண்களும் ஒரே நாள் எடுத்த ரத்தத்தில் வந்தவையாக இருக்க வேண்டும்.

1.3-க்குக் கீழே வந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடுவில் விழுந்தால் அடுத்த சோதனை தேவை. இந்தக் கணக்கின் பலம் நோய் இல்லை என்று சொல்வதில்தான் இருக்கிறது. 2.67-ஐத் தாண்டிய எல்லோருக்கும் சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை) இருக்கும் என்று நினைத்து யாரும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

பிளேட்லெட் ஏன் இதற்குள் வருகிறது? தழும்பு ஏற ஏறக் கல்லீரலுக்கு வரும் ரத்தத்துக்குத் தடை கூடும், மண்ணீரல் வீங்கும், பிளேட்லெட்டுகள் அதில் தேங்கும். அவற்றை உற்பத்தி செய்யத் தூண்டும் ஹார்மோனையும் கல்லீரல் குறைவாகவே சுரக்கும். எஸ்ஜிபிடி நார்மல் என்பதற்காக மட்டும் நிம்மதி அடையக் கூடாது. முற்றிய சிரோசிஸில்கூட அது நார்மலாக இருக்கலாம்.

வயது பெருக்கலில் இருப்பதால் முதியவர்களுக்கு எண் தானாகவே ஏறும். 75 வயதில் எஸ்ஜிஓடி 28, எஸ்ஜிபிடி 25, பிளேட்லெட் 2.1 லட்சம், அதாவது எல்லாமே நார்மல். ஆனாலும் விடை 2.0. அதனால் 65 வயதுக்கு மேல் கீழ் எல்லையை 1.3-க்குப் பதில் 2.0 என்று கொள்கிறார்கள். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்பவே வேண்டாம்; உண்மையான தழும்பைக்கூட மறைத்துவிடும்.

நம் ஊரில் கட்டாயம் சொல்ல வேண்டியது டெங்கு. அது பிளேட்லெட்டை இறக்கி எஸ்ஜிஓடியை ஏற்றும். 40 வயதுக்காரருக்குக் காய்ச்சலின்போது எஸ்ஜிஓடி 150, எஸ்ஜிபிடி 100, பிளேட்லெட் 60,000 என்றால் விடை 10! உடல் தேறிய பிறகு அவருக்கே 32, 36, 2.4 லட்சம் என்று வந்தால் 0.89. காய்ச்சல், மஞ்சள் காமாலை ஆகியவற்றின் நடுவிலும், கடும் உடற்பயிற்சி முடித்த கையோடும் எடுத்த ரிப்போர்ட்டில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். சிலரது ரத்தம், உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ ரசாயனம் உள்ள லேப் குழாயில் பிளேட்லெட்டுகளைத் திரள வைத்து எண்ணிக்கையைப் பொய்யாகக் குறைக்கும். சந்தேகம் வந்தால் ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தை நுண்ணோக்கியில் காண்பது) பார்த்து, சிட்ரேட் குழாயில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

நடுவில் விழுந்தவர்களுக்கு அடுத்தது பெரும்பாலும் ஃபைப்ரோஸ்கேன், அதாவது கல்லீரலின் விறைப்பை வெளியிலிருந்தே அளக்கும் ஸ்கேன். குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். சாப்பிட்டால் கல்லீரலின் விறைப்பு கூடுதலாகக் காட்டும். விறைப்பு 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. ரத்தத்திலேயே இன்னும் ஆழமாகப் பார்க்கும் சோதனைகளும் உண்டு. ஹயலுரோனிக் அமிலம் உள்ளிட்ட மூன்று பொருள்களை அளப்பது ஈஎல்எஃப். மஞ்சள் நிறமியான பிலிருபின், ரத்தப் புரதமான ஹாப்டோகுளோபின் முதலியவற்றைச் சேர்த்துக் கணக்கிடுவது ஃபைப்ரோடெஸ்ட்; பிலிருபின் பிறவியிலேயே சற்றுக் கூடுதலாக இருக்கும் கில்பர்ட் குறைபாடு உள்ளவர்களுக்கும் ரத்தச் சிவப்பணு சிதைவு உள்ளவர்களுக்கும் இது தவறாக ஏறிவிடும்.

1.3-க்குக் கீழே வந்தாலும் சர்க்கரை நோயாளிகள் 1 முதல் 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை கணக்கைத் திரும்பப் போட வேண்டும். சர்க்கரை இல்லாதவர்களுக்கு 2 முதல் 3 ஆண்டுகள்.

பயாப்சியை மருத்துவர் கேட்டே ஆகும் நிலைகளும் உண்டு. ரத்தக் கணக்கும் ஃபைப்ரோஸ்கேனும் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கும்போது, தன்னெதிர்ப்பு நோயோ மருந்தின் பாதிப்போ என்ற சந்தேகம் வரும்போது. அங்கே கேள்வி தழும்பின் அளவைப் பற்றியது மட்டுமல்ல, நோய் எது என்பதும் சேர்ந்தது. அதற்கு இந்த எண்களில் பதில் கிடையாது. திசுவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.