இரண்டு கிலோ ரிவால்வரும் என் இடுப்பும்

போன சனிக்கிழமை நண்பரின் பண்ணையில் காலை ஏழு மணிக்கு நடக்க ஆரம்பித்தேன். திரும்பும்போது மதியம் ஒன்றரை. அவ்வளவு நேரமும் இடுப்பில் கோல்ட் வாக்கர் என்ற பழைய மாடல் ரிவால்வர். பெல்ட்டைக் கழற்றி மேசையில் வைத்தபோது இடுப்பில் வலியே இல்லை. இப்படி ஒரு நாள் வர எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் டெக்சாஸின் நடுப்பகுதியில் இருக்கிறேன். இங்கே காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். பண்ணைக்காரர்களே வேட்டைக்குக் கூப்பிடுவார்கள். எனக்குக் கருமருந்து (பிளாக் பவுடர்) போட்டுச் சுடும் பழைய வகைத் துப்பாக்கிகள் மேல்தான் ஆசை. என்னிடம் இருப்பது வாக்கரின் இத்தாலியில் செய்த நகல். நீளம் பதினைந்தரை அங்குலம், அதில் குழல் மட்டும் 9 அங்குலம். எடை நாலரை பவுண்டுக்குச் சற்று மேல், அதாவது இரண்டு கிலோ. மருந்தும் ஈயக் குண்டும் போட்டால் இன்னும் அறுபது கிராம் சேரும்.

முதலில் கடையில் ரெடிமேடாக விற்ற ஹோல்ஸ்டர் (பெல்ட்டோடு வரும் துப்பாக்கி உறை) ஒன்றை வாங்கினேன். பெல்ட் அகலம் ஒன்றரை அங்குலம். உறை தொடை வரை தொங்கும். ஒவ்வோர் அடிக்கும் அது ஆடி ஆடித் தொடையில் இடித்தது. பெல்ட் சரியும், ஒரு கையால் தூக்கி விடுவேன், மறுபடி சரியும். மூன்றாவது மணி நேரத்தில் வலது இடுப்பு மரத்துப் போனது. வண்டியில் உட்கார்ந்தால் குழல் சீட்டில் முட்டி, கைப்பிடி விலாவில் குத்தியது. அன்று ராத்திரி பெல்ட்டின் கீழ் விளிம்பு இருந்த இடத்தில் தோல் கோடு போட்டது போலச் சிவந்து கிடந்தது.

குறை துப்பாக்கியில் இல்லை. 1847-இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் என்ற குதிரைப்படையில் இருந்த கேப்டன் சாமுவேல் வாக்கர் கேட்டபடி சாமுவேல் கோல்ட் வடிவமைத்தது இது. கனெக்டிகட்டில் எலி விட்னி ஜூனியரின் தொழிற்சாலையில் ராணுவத்துக்காக ஆயிரம் செய்தார்கள். குதிரைவீரனுக்கு இரண்டு, சேணத்தின் முன்பக்கம் இருபுறமும் தொங்கும் உறைகளில் இருக்கும். சுமந்தது குதிரை. மனிதன் இடுப்பில் கட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் நடப்பான் என்று யாரும் அப்போது நினைக்கவில்லை. அதற்குப் பின்னால் 1851-இல் வந்த கோல்ட் நேவி ரிவால்வர் ஏறக்குறைய 1.2 கிலோதான். அமெரிக்க மேற்கின் பேர்போன துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்காக் அதில் ஒரு ஜோடியைக் கைப்பிடி முன்னால் பார்க்கும்படி இடுப்பில் செருகிக்கொள்வார்.

அந்த 'கைப்பிடி முன்னால்' என்பதில்தான் எனக்குப் பிடி கிடைத்தது. கூடவே அம்மா ஞாபகமும் வந்தது. தெருக்குழாயிலிருந்து குடத்தைத் தூக்கி வரும்போது அம்மா அதைத் தொங்கவிட மாட்டார். இடுப்பெலும்புக்கு மேலே ஏற்றி, உடம்போடு ஒட்டி அணைத்துக்கொள்வார். நிறைகுடம் இரண்டு கிலோவைவிடப் பல மடங்கு கனம், ஆனால் ஆடாது. எடையைத் தாங்க எலும்பு வேண்டும், உடம்போடு அது ஒட்டியும் இருக்க வேண்டும்.

தோல் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் போய் இதைச் சொன்னேன். இரண்டரை அங்குல அகலத்தில், இரட்டைத் தோல் வைத்துத் தைத்த பெல்ட் செய்து கொடுத்தார். உறை இடது பக்கம், தொப்புளுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, உயரமாக. கைப்பிடி வலது கையைப் பார்க்கும். குழல் இடது தொடை மேல் சாய்ந்து பின்னால் போகும். இப்போது உட்கார்ந்தால் எதிலும் முட்டுவதில்லை, குனிந்து வேலி தாண்டினாலும் தொந்தரவில்லை.

அதோடு வலது தோள் வழியாக ஒரு குறுக்கு வார். நம்மூர்ப் போலீஸ் அதிகாரிகள் போடுவார்களே, அதேதான். சாம் பிரவுன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1858-இல் இந்தியாவில் நடந்த சண்டையில் இடது கையை இழந்தார். வாளுறையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாததால் வலது தோளிலிருந்து வார் போட்டு இடுப்புப் பெல்ட்டைத் தாங்க வைத்தார். என் இரண்டு கிலோவில் பாதியாவது இப்போது தோளுக்குப் போய்விடுகிறது என்பது என் அனுபவம். வாரை அதிகம் இறுக்கினால் கழுத்து பிடித்துக்கொள்ளும்; உள்ளே இரண்டு விரல் நுழையும் அளவு விடுங்கள்.

அப்புறம் சில விஷயங்கள். வாக்கரில் குண்டை அழுத்தும் நெம்புகோல் ஒரு சின்ன ஸ்பிரிங்கை நம்பித்தான் நிற்கிறது. சுட்ட அதிர்ச்சியில் கீழே விழுந்து, குண்டு அறைகள் இருக்கும் சுழலும் சிலிண்டரையே பூட்டிவிடும். நான் குழலோடு சேர்த்து ஒரு தோல் கயிறு கட்டிவிடுகிறேன். ஆறு அறையில் ஐந்தில்தான் மருந்து போடுவேன்; அடிக்கும் ஹேமர் காலி அறை மேல் இறங்கியிருக்கும். உறைக்கு மூடி அவசியம், மருந்தைப் பற்றவைக்கும் கேப்கள் நனையக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டுத் தனியாகத்தான் வைக்க வேண்டும். கருமருந்துக் கரி ஈரத்தை இழுக்கும், தோலுறைக்குள் விட்டால் துரு நிச்சயம்.

இன்னும் ஒரே ஒரு குறை. வார் தோளில் உட்காரும் இடத்தில் வியர்வை பட்டு விளிம்பு உரசுகிறது. அந்த இடத்துக்கு அடியில் ஒரு சாண் நீளத்துக்கு ஆட்டு ரோமத்தோல் வைத்துத் தைக்கப் பெரியவரிடம் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.