படம் இருட்டா, டிவி இருட்டா? வீட்டில் பார்த்த சில படங்களும் திருகிய செட்டிங்கும்

சாமான்கள் முதலில். 43 இன்ச் 4கே டிவி (60 ஹெர்ட்ஸ் பேனல், அதாவது நொடிக்கு 60 துடிப்பு), எச்டிஎம்ஐ ஆர்க் (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் வயர் இணைப்பு) வழியாக ஒரு 2.1 சவுண்ட்பார் (இடது, வலது, கூடவே ஒரு பாஸ் பெட்டி), படம் ஓட்ட விஎல்சி மென்பொருள் போட்ட லேப்டாப், ஒரு பென்டிரைவ். சோபா சுவரோடு ஒட்டி, டிவியிலிருந்து பத்தடி. நம் ஹால்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்.

இந்த டிவியின் படப்பரப்பு 95 செ.மீ. அகலம், 53.5 செ.மீ. உயரம். திரை கண்ணுக்கு 30 டிகிரியாவது விரிந்தால்தான் படம் பார்க்கிற உணர்வு வரும் என்பது ஒரு பழைய கணக்கு. அதற்கு ஆறடிக்குள் உட்கார வேண்டும். பத்தடியில் 4கேயும் சாதா எச்டியும் கண்ணுக்கு ஒன்றுதான். அதனால் ரிமோட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நாற்காலியை ஆறடிக்கு இழுத்துப் போட்டாயிற்று. செலவில்லாத வேலைகளில் இதுதான் பெரிய வித்தியாசம் காட்டியது.

அந்த நாள் (1954)

கறுப்பு வெள்ளையில் தொடங்கக் காரணம் உண்டு. நிறமே இல்லாத படத்தில்தான் டிவியின் நிறக்கோளாறு சட்டென்று பிடிபடும். கடையிலிருந்து வரும்போது டிவி பெரும்பாலும் 'விவிட்' அல்லது 'ஸ்டாண்டர்ட்' மோடில்தான் வருகிறது. கலர் டெம்பரேச்சரும் (வெள்ளை நீலம் தட்டுமா, மஞ்சள் தட்டுமா என்பது) 'கூல்' பக்கம். அந்த நிலையில் பண்டரிபாயின் வெள்ளைப் புடவை சொட்டு நீலத்தில் முக்கி எடுத்தது போலத் தெரியும். 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்குப் போய் 'வார்ம் 2' வைத்தால் சாம்பல் சாம்பலாக வரும். முதல் பத்து நிமிடம் மஞ்சளாகத் தோன்றும், பயப்பட வேண்டாம். கண் பழகியபின் திரும்பக் 'கூல்' போட்டுப் பாருங்கள், அது எவ்வளவு நீலம் என்று புரியும்.

இன்னொரு சின்ன வித்தை: கறுப்பு வெள்ளைப் படத்துக்கு 'கலர்' அளவைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடலாம். அழுத்திச் சுருக்கிய பிரதிகளில் நிழல் பகுதியில் பச்சையும் சிவப்புமாகப் பொரி பொரியாகத் தெரியுமே, அது காணாமல் போகும்.

படத்தைப் பற்றி: பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை, சண்டை இல்லை. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட நாளையொட்டி ஒரு ரேடியோ இன்ஜினியர் சுடப்படுகிறார். ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். எஸ். பாலசந்தர் இயக்கம், மாருதி ராவ் ஒளிப்பதிவு. ஒரே கூடத்தை ஒவ்வொருவர் கதையிலும் வேறு வேறு வெளிச்சத்தில் காட்டுவதில்தான் படத்தின் சாமர்த்தியம் முழுவதும் இருக்கிறது. 'விவிட்' மோடில் பார்த்தால் எல்லாக் கதையும் ஒரே வெளிச்சம். 'இழுவை' என்று சொல்லிவிடத் தோன்றும். கல்லூரிக் காதல் பகுதி மட்டும் எந்த செட்டிங்கிலும் மேடைப்பேச்சுதான். சிவாஜியை விடப் பண்டரிபாய்க்குத்தான் ஒரு மதிப்பெண் கூட. ஏன் என்று சொன்னால் முடிவு உடைந்துவிடும்.

தில்லானா மோகனாம்பாள் (1968)

அதிக நேரம் பிடித்தது இதுதான், மூன்று கோளாறு ஒரே படத்தில்.

முதலாவது, சட்டகம், அதாவது படத்தின் அகல உயர விகிதம். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த ராஜராஜ சோழன். ஏ.பி. நாகராஜனே இயக்கியது. அதற்கு முந்தைய நம் படங்களின் சட்டகம் கிட்டத்தட்டச் சதுரத்தை ஒட்டியது, 1.37க்கு 1. 43 இன்ச் டிவியில் அது 73 செ.மீ. அகலம்தான் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் 11 செ.மீ. கறுப்பு இருந்தே ஆக வேண்டும். அந்தக் கறுப்பைப் பார்த்ததும் 'ஸ்கிரீன் வீணாகுதே' என்று ஒரு கை ரிமோட்டுக்குப் போகும். 'ஃபுல்' போட்டால் ஆட்கள் 30 சதவீதம் பருத்துவிடுவார்கள். 'ஜூம்' போட்டால் உயரத்தில் கிட்டத்தட்டக் கால் பங்கு போய்விடும். பிரதியே அப்படி வெட்டித் தயாரித்ததாக இருந்தால் ரிமோட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வேறு பிரதி தேடுவதுதான் வழி.

கால் பங்கு என்றால் என்ன என்பதை 'நலந்தானா' பாட்டில் பார்க்கலாம். கேள்வி பத்மினியின் கண்ணில், பதில் சிவாஜியின் நாதஸ்வரத்தில், நடுவே தாளம் சலங்கையில். ஜூம் செய்த பிரதியில் முழு உருவம் தெரிய வேண்டிய இடத்தில் பாதத்தைக் காணோம். உட்கார்ந்திருக்கும் பாலையாவின் மடியில் தவில் பாதிதான். வெட்டாத பிரதியில் பார்த்தால் பாலையா ஓரமாக உட்கார்ந்து பண்ணும் சில்லறைச் சேட்டையே தனி வசூல்.

இரண்டாவது, அசைவு. ஃபிலிமில் நொடிக்கு 24 சட்டகம் (இங்கே ஃபிரேம், தனித்தனிப் படம்). டிவி தன் இஷ்டத்துக்கு இடையில் பொய்ச் சட்டகங்களை உருவாக்கிச் செருகும். சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்' அல்லது 'பிக்சர் கிளாரிட்டி', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று பெயர். பொதுவாகச் சொல்லும் குறை 'சீரியல் மாதிரி இருக்கு' என்பது. நாட்டியத்தில் அதைவிட மோசம்: முத்திரை வேகமாக மாறும்போது விரல்களைச் சுற்றி ஒரு பிசிறு வரும், ஒரு கணம் ஆறாவது விரல் முளைத்து மறையும். அணைத்துவிடுங்கள். கவனம்: பல டிவிகளில் இந்த செட்டிங் ஒவ்வொரு எச்டிஎம்ஐக்கும், யுஎஸ்பிக்கும், டிவிக்குள்ளிருக்கும் ஆப்களுக்கும் தனித்தனி. ஓரிடத்தில் அணைத்துவிட்டு 'அணைச்சாச்சே, இன்னும் வருதே' என்று குழம்புவது இதனால்தான். எச்டிஆர் (வெளிச்ச வித்தியாசத்தைக் கூடுதலாகக் காட்டும் பதிவு) படம் ஓடும்போது திறக்கும் மெனுவும் தனி.

அணைத்தபின் பக்கவாட்டில் கேமரா நகரும்போது லேசாகத் திக்கும். 60 ஹெர்ட்ஸ் பேனலில் ஒரு சட்டகம் இரண்டு துடிப்பு, அடுத்தது மூன்று துடிப்பு என்று மாறி மாறி நிற்பதால் வருவது. லேப்டாப்பின் டிஸ்பிளே செட்டிங்கில் 24 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுத்து, டிவியும் ஏற்றுக்கொண்டால் குறையும். ஏற்காவிட்டால் அப்படியே பார்க்கலாம். பொய்ச் சட்டகத்துக்கு அது தேவலை.

மூன்றாவது, ஒலி. படம் மோனோ, ஒரே ஒலித்தடம். சவுண்ட்பாரில் 'சரவுண்ட்' எஃபெக்ட் போட்டால் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் குளியலறைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'ஸ்டீரியோ' போதும். ட்ரெபிள் இரண்டு புள்ளி குறைத்தால் உச்சத்தில் சின்ன ஸ்பீக்கர் கீச்சிடுவது நிற்கும்.

மதன்பூர் அரண்மனைப் பகுதி நீளம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஜில் ஜில் ரமாமணி வரும் காட்சி எதையும் வெட்டச் சம்மதிக்க முடியாது.

பேசும் படம் (1987)

வசனமே இல்லாத படம், சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கியது. ஒலியைச் சரிபார்க்க இதைவிட நல்ல படம் நம் பக்கம் கிடையாது.

கமல் ஓட்டல் அறைக்குக் குடிபோன முதல் ராத்திரி தூக்கம் வராது. பழைய இருப்பிடத்தில் பக்கத்துத் தியேட்டரின் சத்தம் இரவெல்லாம் கேட்டுப் பழகியவர். இங்கே ஒரே நிசப்தம். போய் அந்தச் சத்தத்தை டேப்பில் பதிந்துகொண்டு வந்து ஓடவிட்டுத் தூங்குவார். ஒரு படத்தின் மொத்த நகைச்சுவையும் பின்னணிச் சத்தத்தில் நிற்க முடியும் என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

இப்போது சவுண்ட்பாரில் 'கிளியர் வாய்ஸ்' போட்டுப் பாருங்கள். பேச்சுக் குரல் இருக்கும் இடைப்பட்ட அலைவரிசையை ஏற்றி மற்றதை அமுக்குவதுதான் அதன் வேலை. இந்தப் படத்திலோ தூக்கிக் கொடுக்கப் பேச்சே இல்லை. தெரு இரைச்சல், ஓட்டலின் அமைதி இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்து காட்சி செத்துவிடும். 'நைட் மோட்' போட்டாலும் இதே கதி: சன்னச் சத்தத்தை ஏற்றி, பெருஞ்சத்தத்தை இறக்கிவிடும். இரண்டையும் நிரந்தரமாகப் போட்டு வைக்காதீர்கள். தேவைப்படும் படத்துக்கு மட்டும்.

கூலிக் கொலைகாரராக வரும் டின்னு ஆனந்தின் ஐஸ் கத்தி இன்றைக்கும் சிரிப்பை வரவழைக்கிறது. கடைசிக் காட்சி இன்றைக்கும் வலிக்கிறது. இந்தப் படத்தில் குறை தேடுவது வெட்டி வேலை.

குருதிப்புனல் (1995)

'கிளியர் வாய்ஸ்' தேவைப்படும் படம் இது. பி.சி. ஸ்ரீராம் இயக்கம், இதிலும் பாட்டு இல்லை. இந்தியாவில் டால்பி ஸ்டீரியோ எஸ்ஆர் ஒலியை முதலில் கொண்டுவந்த படமாகப் பெயர் பெற்றது. அந்த முறையில் இடது, வலது, நடு, பின் என நான்கு தடத்தை இரண்டுக்குள் மடித்து வைத்திருப்பார்கள். ஸ்டீரியோ பிரதியையே 'டால்பி சரவுண்ட்' அல்லது 'ப்ரோ லாஜிக்' வசதியுள்ள ரிசீவருக்குக் கொடுத்தால் மடிப்பு ஓரளவு பிரியும். நடு ஸ்பீக்கர் இல்லாத 2.1-இல் பிரிக்கப் பார்க்காமல் ஸ்டீரியோவாகவே விட்டு, சவுண்ட்பாருக்கு நேர் நடுவில் உட்கார்ந்தால் வசனம் நடுவிலிருந்தே வரும். ஓரத்து நாற்காலிக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

5.1 ஆக (ஐந்து ஸ்பீக்கர், ஒரு பாஸ் பெட்டிக்கான தனித்தனித் தடங்களாக) மாற்றிய பிரதி என்றால் வேறு சிக்கல். வசனம் நடுத் தடத்தில் இருக்கும். இரண்டு ஸ்பீக்கருக்குப் பிரிக்கும்போது அதை 3 டெசிபல் குறைத்துத்தான் இரண்டு பக்கமும் கலக்கும். பின் தடங்களின் சத்தமும் அதோடு வந்து சேரும். கமலும் நாசரும் தணிந்த குரலில் மோதும் விசாரணைக் காட்சிகளில் வால்யூம் 30, அடுத்த குண்டுவெடிப்பில் 12 என்று ரிமோட்டோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். டிவியின் டிஜிட்டல் அவுட்புட்டை 'பிசிஎம்' (சுருக்காத ஒலி) ஆக்கி, படத்துக்குள் ஸ்டீரியோ தடம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்ததும் தொல்லை தீர்ந்தது.

உதடும் குரலும் பொருந்தாமல் போனால் காரணம் பெரும்பாலும் புளூடூத். 150, 200 மில்லி செகண்ட் தாமதம் சாதாரணம். சவுண்ட்பாருக்கு வயர்தான் போட வேண்டும். பென்டிரைவில் படம் ஓடி ஒலி மட்டும் வரவில்லை என்றால் அது டிடிஎஸ் என்ற வகை ஒலித்தடமாக இருக்கும். இப்போது வரும் பல டிவிகளில் அதற்கு ஆதரவு இல்லை. படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் 640 கேபிபிஎஸ் ஏசி3 (டால்பி டிஜிட்டல்) ஆக மாற்றினால் ஓடும். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்ததாக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறவே ஏறாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படம்? இடைவேளை வரை மூச்சுவிட முடியாது. பின்பாதியில் வீட்டுக்குள் நடப்பவை கொஞ்சம் நாடகம். நாசர்தான் கடைசிவரை நினைவில் நிற்கிறார்.

வீடு (1988)

சுற்றிவரும் பிரதிகள் பெரும்பாலும் மங்கல், டிவிடி தரம். 576 வரியை 2160 வரிக்கு டிவி இழுக்கிறது. இங்கே 'ஷார்ப்னெஸ்' ஏற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுவதைத் தவிர அது எதையும் தெளிவாக்காது. பல பிராண்டில் இயல்பு அளவு 0 அல்லது அதை ஒட்டி, சோனியில் 50.

இருட்டாக இருக்கிறதே என்று 'பிரைட்னெஸ்' ஏற்றினால் கறுப்பெல்லாம் சாம்பல் பூத்துவிடும். பல டிவிகளில் 'பிரைட்னெஸ்' என்பது கறுப்பின் அளவு. வெளிச்சம் 'பேக்லைட்'டில் இருக்கிறது. பேக்லைட்டை ஏற்றி, காமாவை (இடைப்பட்ட நிழல்களின் வெளிச்ச அளவு) 2.4-இலிருந்து 2.2க்கு மாற்றினால் ஜன்னல் வெளிச்சத்தில் பாதி முகம் மட்டும் தெரியும் பாலு மகேந்திரா சட்டகங்கள் கெடாமல் திறந்துகொள்ளும். 'ஈகோ சென்சார்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்; ஹால் விளக்கை அணைத்ததும் அது டிவியையும் மங்கலாக்கும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன வெள்ளை எல்இடி மட்டும் எரிந்தால் கண்ணுக்கும் நல்லது, கறுப்பும் ஆழமாகத் தெரியும். இந்தத் தரப் பிரதிக்கு மட்டும் நாற்காலியை எட்டு, ஒன்பது அடிக்குத் திரும்பத் தள்ளிவிடலாம்.

பாதி கட்டிய வீட்டுக்குள் சொக்கலிங்க பாகவதர் சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கும் காட்சிக்கு இவ்வளவு பாடும் தகும். வீடு கட்டியவர்கள் இந்தப் படத்தில் சிமெண்ட் திருடும் இடம் வரும்போது கொஞ்சம் எழுந்து உலாத்துவார்கள். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கொடுத்ததில் யாருக்கும் பேச்சே இருக்க முடியாது.

பதேர் பாஞ்சாலி (1955)

சத்யஜித் ராயின் இந்தப் படத்தின் மூல நெகட்டிவ் 1993-இல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீவிபத்தில் கருகியது. மிஞ்சியதை வைத்துப் போராடி மீட்ட பிரதி 2015-இல் வந்தது. அதைப் பார்க்கும்போது 'நாய்ஸ் ரிடக்ஷன்' அணைந்திருக்க வேண்டும். ஃபிலிமில் இயல்பாகவே தெரியும் பொடிமணலை (கிரெயின்) அழுக்கு என்று நினைத்து டிவி துடைக்கும். கூடவே நாணல் பூவும் குளத்து நீரில் பூச்சி ஓடும் கோடுகளும் மழுங்கும்.

சப்டைட்டில் தவறினால் முதலில் எந்த வகைத் தவறு என்று பாருங்கள். தொடக்கத்திலிருந்து ஒரே அளவு முன்பின் என்றால் விஎல்சியில் 'ஜி', 'எச்' விசைகள். ஒரு அழுத்தலுக்கு 50 மில்லி செகண்ட். முதலில் சரியாக இருந்து, ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் தள்ளிப் போனால் 25 சட்டகப் பிரதிக்கு எழுதியதை 24 சட்டகப் படத்தோடு ஓட்டுகிறோம் என்று பொருள். விசையைத் தட்டிப் பயனில்லை; சப்டைட்டில் எடிட்டரில் சட்டக வேகத்தை மாற்றிச் சேமிக்க வேண்டும். தமிழ் எழுத்துக்குப் பதில் புரியாத குறிகள் வந்தால் ஃபைலை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள். அதற்கும் கட்டம் கட்டமாக வந்தால் டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை, லேப்டாப்தான் கதி.

அடுத்து வரிசையில் ராஜராஜ சோழன். சினிமாஸ்கோப் என்பதால் மேலும் கீழும் ஆறரை செ.மீ. கறுப்பு இருக்க வேண்டும். இதுவரை கையில் கிடைத்த இரண்டு பிரதியிலும் கறுப்பே இல்லை, பெயர் போடும்போதே இருபுறமும் எழுத்து வெட்டுப்பட்டிருக்கிறது. மூன்றாவது பிரதி தேட வேண்டும்.