வட்டக்கச்சியா, வெள்ளவத்தையா

டிசெம்பர் 2
கிளிநொச்சி வட்டக்கச்சியை விட்டுக் கொழும்பு வெள்ளவத்தைக்கு எப்போது வருகிறீர்கள் என்று மகன் மறுபடியும் கேட்டான். யோசிக்கிறோம் என்றேன். இவர் கிணற்றடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கேட்காதவர்போல் வாளியைக் கழுவினார்.

டிசெம்பர் 5
நாள் முழுவதும் மழை.

டிசெம்பர் 6
கொப்பியின் நடுவே கோடு கிழித்து, போனால் இவ்வளவு, இருந்தால் இவ்வளவு என்று கணக்கு எழுதினேன். வெள்ளவத்தையில் இரண்டு அறை வீடு மாதம் ஒரு லட்சத்துக்குக் குறைய இல்லையாம். முற்பணம் வேறு. என் ஓய்வூதியம் அதில் பாதிக்குத்தான் காணும். தங்களோடேயே இருக்கலாம் என்கிறான். மருமகள் நல்ல பிள்ளை, அதுதான் என் பயம். நல்ல பிள்ளையோடு கோபித்துக்கொண்டு வெளியேறவும் முடியாது. இங்கே காசு கொடுத்து வாங்காத தேங்காய், முருங்கைக்காய், அரிசி, பால் என்று ஒவ்வொன்றுக்கும் விலை போட்டபோதுதான் நாங்கள் இவ்வளவு சாப்பிடுகிறோமா என்று திகைத்தேன்.

மூன்றாம் மாடி. லிப்ட் இருக்கிறதாம். மின்சாரம் போனால்?

டிசெம்பர் 9
பேரனை மொன்ரிசூரியிலிருந்து கூட்டிவர ஆள் இல்லை. அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

டிசெம்பர் 13
காணியைக் கோட்டின் எந்தப் பக்கம் எழுதுவது? மாமாவுக்கு 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கிடைத்தது, அவருக்குப் பின் இவருக்கு. நினைத்தபடி விற்க முடியாது. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் குத்தகைக்கும் கொடுக்க முடியாது. விதைக்காமல் போட்டுவிட்டுப் போனால் பத்திரத்தையே இரத்துச் செய்ய இடமிருக்கிறது. ஆகவே கொழும்பில் வீடு வாங்க இது ஒரு சதமும் தராது, ஆனால் விட்டுப்போனால் பறிபோகலாம். இப்படி ஒரு சொத்து!

இவருக்குப் பின் காணி யாருக்கு என்று காட்டும் பின்னுரித்தாளர் பெயர் இன்னும் பதியவில்லை. கேட்டால் இவர் மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விடுகிறார்.

சிறுபோகம், அந்தக் கோடை நெல்தான் இவருக்குப் பெரிய விஷயம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் எல்லா வயலுக்கும் கிடைக்காது, கூட்டம் வைத்துப் பங்கு பிரிப்பார்கள். "கூட்டத்தில் முகம் காட்டாதவனுக்கு யார் பங்கு தருவார்கள்?" என்கிறார். நான் பதில் சொல்லவில்லை.

2009 தை மாதம் போரில் இடம்பெயர்ந்து தர்மபுரம், விசுவமடு என்று கிழக்கே நடந்தபோது கொப்பியும் இல்லை, கோடும் இல்லை. பிள்ளைகளையும் பொலித்தீனில் சுற்றிய அந்தப் பத்திரத்தையும் தூக்கிக்கொண்டு போனோம். செட்டிகுளம் முகாமிலும் அது என் தலைமாட்டில்தான் கிடந்தது. இப்போது யாரும் துரத்தவில்லை, ஆற அமரக் கணக்குப் பார்க்கலாம். அதனால்தான் தலை இடிக்கிறது.

டிசெம்பர் 14
பின்னுரித்து. கேட்டேன். வைக்கோல்.

டிசெம்பர் 19
கிளினிக். பிரஷர் கூட. டொக்டர் தமிழில் ஏசினார், மனதுக்கு இதமாக இருந்தது. வெள்ளவத்தைக்குக் கிட்டவுள்ள களுபோவில பெரிய வைத்தியசாலை, எல்லா வசதியும் உண்டு என்கிறான் மகன். உண்மைதான். இங்கே நெஞ்சுவலி கடுமையென்றால் அம்புலன்ஸில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவார்கள். களுபோவிலயில் என்றால் நெஞ்சு எரிகிறதா, அடைக்கிறதா என்று சிங்களத்தில் சொல்ல அவன் அரைநாள் லீவு போட வேண்டும்.

டிசெம்பர் 22
இரணைமடுக் குளம் நிரம்பும் அளவான 36 அடியை நெருங்குகிறதாம். 2018 வெள்ளமும் இதே நாட்களில்தான் வந்தது. இவர் டோர்ச்சை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனவர் இரவு பத்துக்கும் வரவில்லை. வந்தபோது முழங்கை தோலுரிந்திருந்தது. வரம்பில் வழுக்கிவிட்டதாம். தலைசுற்றா என்று கேட்டேன். வழுக்கல் என்றார், இரண்டு தரம்.

டிசெம்பர் 23
மகனுக்குச் சொல்லவில்லை.

டிசெம்பர் 24
சொல்லிவிட்டேன்.

டிசெம்பர் 28
அவன் பேசிய பேச்சை எழுத மாட்டேன். எங்களிடம் படித்த சத்தம்தானே. ஓய்வூதியத்தைத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், உயிர்வாழ் சான்றிதழையும் அங்கேயே கொடுக்கலாம் என்று விசாரித்து வைத்திருக்கிறான். இவ்வளவு தூரம் விசாரித்தவன் லிப்ட்டைப் பற்றி மட்டும் சரியாகச் சொல்கிறானில்லை. 2022இல் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அப்போது முதியவர்கள் எப்படி ஏறி இறங்கினார்கள்?

ஜனவரி 3
கதிர் நன்றாக இருக்கிறது. மயில் தொல்லை.

ஜனவரி 8
ஓய்வூதியக்காரருக்கான இலவச ரயில் வாரண்ட் ஒன்று மிச்சம் இருக்கிறது. பொங்கல் முடிந்ததும் இரண்டு கிழமை போய் இருந்து பார்ப்போமா என்றேன். நெல் வெட்டும் மெஷின் தை கடைசியில்தான் வருமாம், அதற்கு முன் அசைய மாட்டாராம். அப்படியானால் நான் மட்டும் போகட்டுமா என்று கேட்டேன்.

போ என்றார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.